அத்தையின் ஆட்சேபணை

மார்ச் 4

அத்தைக்கு,

நலமா என்று கேட்டுத் தொடங்கும் மனநிலையில் நான் இல்லை. நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

நம் வீட்டின் பக்கவாட்டில் உங்களுக்காக ஓர் அறை கட்ட மனு கொடுத்திருந்தேன் அல்லவா? அதற்கு யாரோ ஆட்சேபணை தெரிவித்திருக்கிறார்கள், அது தீரும்வரை அனுமதி நிறுத்திவைக்கப்படுகிறது என்று நகரமைப்பு அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. படித்ததும் எனக்கு ரத்தம் கொதித்தது. பக்கத்து வீட்டுக்காரரைத் தவிர வேறு யாருக்கு இதில் வயிற்றெரிச்சல் இருக்க முடியும்? மதில் ஓரம் நின்று மனிதரை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டுவிட்டேன். அவர் பல் துலக்கிக்கொண்டிருந்தார். வாய் நிறைய நுரையோடு, "நான் இல்லைம்மா, சத்தியமா நான் இல்லை" என்று தலையை ஆட்டினார். நான் நம்பவில்லை.

உடனே அலுவலகத்துக்குப் போனேன். எழுத்தர் கோப்பைப் பிரித்துப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"அறை யாருக்காகக் கட்டுறதா சொன்னீங்க?"

"என் மாமியாருக்கு சார்."

"ஆட்சேபணை குடுத்திருக்கிறதும் அவங்கதாம்மா."

பக்கத்து மேசைக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினார். அவர் இன்னொருவரைக் கூப்பிட்டார். ஆண்கள் மட்டுமே இருக்கும் பட்டறைகளுக்குள் தனியாகப் போய், எரிந்துபோன மோட்டார்களைப் பிரித்து, புதுச் செம்புக் கம்பியைச் சுற்றிக் காயில் கட்டிக் கொடுத்துத்தான் இந்தத் தொழிலில் நான் நிலைத்தேன். ஒருவரும் என்னைப் பார்த்துச் சிரித்ததில்லை. இன்று ஓர் அலுவலகமே சிரித்தது.

உங்கள் அடுக்குமாடியின் தூண்களில் விரிசல் விட்டு, மே மாதக் கடைசிக்குள் எல்லோரும் காலி செய்ய வேண்டும் என்று நோட்டீஸ் ஒட்டியாயிற்று. அதற்குள் அனுமதி கிடைத்து, சுவர் எழும்பி, கூரை போட்டாக வேண்டும். நீங்களோ உங்கள் அறைக்கு நீங்களே குழி பறிக்கிறீர்கள். வேறு வேலையே இல்லையா?

போன் செய்தேன். "எதுவா இருந்தாலும் எழுத்துல குடு" என்று சொல்லி வைத்துவிட்டீர்கள். இதோ, எழுத்தில் கேட்கிறேன். ஏன் இப்படிச் செய்தீர்கள்?

உங்கள் மருமகள்


மார்ச் 9

மருமகளுக்கு,

பார்வை: உன் மார்ச் 4 கடிதம்.

ஆட்சேபணை கொடுத்தது நான்தான். அதில் ஒளிவுமறைவு எதுவும் இல்லை. பெயர், முகவரி எல்லாம் தெளிவாகவே எழுதியிருக்கிறேன். பக்கத்து வீட்டுக்காரரிடம் மன்னிப்புக் கேட்டுவிடு.

என் மகன் வரைபடத்தின் நகலை அனுப்பி, "அம்மா, பாத்துட்டு சந்தோஷப்படு" என்று ஒரு துண்டுச் சீட்டும் வைத்திருந்தான். பார்த்தேன். அந்த பிளானைப் போட்ட மகானுபாவர் யார்? அறைச் சுவருக்கும் மதிலுக்கும் நடுவே விட வேண்டிய இடைவெளியில் ஒரு சாண் குறைகிறது. ஒரு சாண்தானே என்பாய். எல்லோரும் ஒரு சாண்தானே என்று சொல்லிச் சொல்லித்தான் தெருக்கள் சந்தாகிப்போயின. அடுத்து, சன்னல் நேராகப் பக்கத்து வீட்டுக் குளியலறையைப் பார்க்கிறது. அந்த மனிதர் பல் துலக்குவதை நீ பார்த்தது போதாதா, தினமும் நானும் பார்க்க வேண்டுமா? கழிவுநீர்க் குழாயோ போகிற வழியெல்லாம் வளைந்து நெளிந்து போகிறது. ஒரே மாதத்தில் அடைத்துக்கொள்ளும். அப்போது யார் கம்பியை விட்டுக் குத்துவது?

நான் கட்டட ஆய்வாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். கண்ணில் பட்ட குறையை, எனக்காகக் கட்டுகிற அறை என்பதற்காக விட்டுவிட்டால், இத்தனை காலம் மற்றவர்களைத் திருப்பி அனுப்பினேனே, அவர்கள் முகத்தில் நான் எப்படி விழிப்பது?

இன்னொரு குறையும் அந்த வரைபடத்தில் இருக்கிறது. அது எந்த விதியிலும் வராது. அதனால் ஆட்சேபணையில் எழுதவில்லை. உன்னிடமும் சொல்லப்போவதில்லை.

போனில் பேசினால் நீ ஒன்று சொல்வாய், நான் ஒன்று சொல்வேன். நாளைக்கு இரண்டு பேரும் அப்படிச் சொல்லவே இல்லை என்போம். எழுத்து என்றால் அந்தத் தொல்லை கிடையாது.

உன் மாமியார்


மார்ச் 16

அத்தைக்கு,

மூன்று குறைகளையும் திருத்தியாகிவிட்டது. சுவரை உள்ளே தள்ளி, சன்னலைத் தெருப் பக்கம் மாற்றி, குழாயை நேராக்கி, புது வரைபடத்தைக் கொடுத்துவிட்டேன். பிளான் போட்டவர் உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு, "யாரும்மா இவங்க, நம்மளை உண்டு இல்லைன்னு பண்ணிடுவாங்க போலிருக்கே" என்றார். ஆனால் மூன்றும் சரிதான் என்று ஒப்புக்கொண்டார். அதையும் சொல்லிவிடுகிறேன், பிறகு மறைத்துவிட்டேன் என்று அதற்கு ஒரு ஆட்சேபணை வரும்.

பக்கத்து வீட்டுக்காரரிடம் மன்னிப்பும் கேட்டாயிற்று. "பரவாயில்லைம்மா, உங்க மாமியார் வந்தப்புறம் நீங்க என்கிட்ட சண்டை போட நேரம் இருக்காது" என்றார். அவருக்கு அது நகைச்சுவை.

அந்த நாலாவது குறை என்ன? சொல்லாவிட்டால் தலை வெடித்துவிடும் போலிருக்கிறது. காயில் கட்டும்போது சுற்றுக் கணக்கு மறந்துபோய் நேற்று ஒரு பம்பு மோட்டாரை முதலிலிருந்து கட்டினேன். வரைபடத்தை விரித்து வைத்து விளக்கைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தும் ஒன்றும் பிடிபடவில்லை. மனதில் எதையோ வைத்துக்கொண்டு மௌனமாக இருப்பது உங்களுக்குப் புதிதில்லை. எனக்கும் புதிதில்லை. ஆனாலும் இந்த முறை சொல்லிவிடுங்கள்.

ஒரு நல்ல செய்தி. ஆட்சேபணை வந்ததால், நேரில் பார்த்து அளந்துவிட்டு முடிவு சொல்கிறார்களாம். 24ஆம் தேதி ஆய்வாளர் வீட்டுக்கு வருகிறார். அளவு எல்லாம் சரியாக இருக்கிறது. வந்தார், பார்த்தார், போனார் என்று முடிந்துவிடும். ஏப்ரலில் அஸ்திவாரம் தோண்டிவிடலாம்.

உங்கள் மருமகள்


மார்ச் 21

மருமகளுக்கு,

உன் கடிதம் இன்றுதான் கிடைத்தது. விரைவுத் தபாலில் இதை அனுப்புகிறேன். கிடைத்த உடனே படி.

ஆய்வாளர் வீட்டுக்கு வருவார் என்று நான் நினைக்கவே இல்லை. நாங்கள் வேலை பார்த்த நாளில், இடைவெளி பற்றி ஆட்சேபணை வந்தால் வரைபடத்தைத் திருத்தச் சொல்லித் திருப்பி அனுப்புவோம். திருத்தி வந்தால் மேசையிலேயே முடித்துவிடுவோம். யாரும் வண்டி ஏறி வரமாட்டோம். இப்போது முறை மாறிவிட்டது போலிருக்கிறது. எனக்குத் தெரியாது.

பின்பக்கம் நீ மோட்டார் வேலை பார்க்கிற கொட்டகைக்கு அனுமதி வாங்கினாயா? வாங்கியிருக்க மாட்டாய். வீட்டின் மூல வரைபடத்தில் அது இல்லை, புது வரைபடத்திலும் இல்லை. மனையில் இத்தனை பங்குக்கு மேல் கூரை போடக் கூடாது என்று ஓர் உச்சவரம்பு உண்டு. வீடும் புது அறையும் சேர்ந்தாலே அந்த வரம்பைத் தொட்டுவிடும். கொட்டகையையும் சேர்த்தால் தாண்டிவிடும். வருகிறவர் கண்ணில் அது படாமல் இருக்காது.

இதை எழுதும்போது என் கை கூசுகிறது. வேலையில் இருந்தவரை ஒருவருக்கும் நான் இப்படி யோசனை சொன்னதில்லை. கூரை இல்லாத இடம் கணக்கில் வராது. 24ஆம் தேதிக்கு முன்னால் கொட்டகையின் தகடுகளைக் கழற்றி இறக்கிவிடு. மோட்டார்களைத் தார்ப்பாய் போட்டு மூடி வை. முடியாவிட்டால் ஏதாவது காரணம் சொல்லி வருகிற தேதியைத் தள்ளிப் போடு.

போன் செய்தேன். நீ எடுக்கவில்லை. மறுபடியும் செய்தேன், மறுபடியும் எடுக்கவில்லை. அது நியாயம்தான். உன் வீட்டுக்காரனிடம் சொன்னேன். "அதெல்லாம் ஒண்ணும் ஆகாதும்மா" என்கிறான். பேசத் தெரிந்த நாளிலிருந்து அவன் இதைத்தான் சொல்கிறான். அவனை நம்பாதே.

உன் மாமியார்


மார்ச் 27

அத்தைக்கு,

உங்கள் விரைவுத் தபால் நேற்று வந்தது. ஆய்வாளர் அதற்கு இரண்டு நாள் முன்பே வந்து போய்விட்டார்.

வந்தது ஓர் இளம்பெண். கையில் டேப் இல்லை, சிவப்புப் புள்ளி விழுகிற சின்னக் கருவி ஒன்று வைத்திருந்தாள். மரியாதையான பெண். பக்கவாட்டில் அளந்தாள், "எல்லாம் கரெக்டா இருக்கு மேடம்" என்று குறித்துக்கொண்டாள். எனக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. டீ குடித்துவிட்டுப் போகலாம் என்று நான்தான் உட்காரச் சொன்னேன். அந்த நேரம் பார்த்து வாடிக்கையாளர் ஒருவர் பின்வாசல் வழியாக மோட்டாரைத் தூக்கிக்கொண்டு வந்து, "அக்கா, கொட்டகையில வெச்சிடவா?" என்று குரல் கொடுத்தார்.

அவள் எழுந்து பின்பக்கம் போனாள். நானும் பின்னாலேயே போனேன். உள்ளே வார்னிஷ் அடித்த காயில்கள் விளக்கு வெளிச்சத்தில் காய்ந்துகொண்டிருந்தன.

"இது என்ன மேடம்?"

"நான் வேலை பாக்குற இடம்மா."

"இதுக்கு அனுமதி?"

அவள் கருவியைச் சுவரை நோக்கித் திருப்பினாள். அந்தச் சிவப்புப் புள்ளி என் சுவரில் விழுந்தபோது எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"மேடம், நான் பக்கவாட்டு இடைவெளி பாக்கத்தான் வந்தேன். ஆனா பாத்ததைப் பாக்கலைன்னு எழுத முடியாது. ஆட்சேபணை வராம இருந்திருந்தா யாரும் வந்திருக்கவே மாட்டோம், பேப்பரைப் பாத்தே முடிச்சிருப்போம்" என்றாள். அவளுக்கே சங்கடமாக இருந்தது.

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதையாகிவிட்டது. நோட்டீஸ் கையில் இருக்கிறது. கொட்டகையை இடித்துவிட்டு அறைக்கு அனுமதி வாங்கலாம். அல்லது அறை மனுவைத் திரும்பப் பெற்றுக்கொண்டு, கொட்டகையை வரன்முறைப்படுத்தக் கேட்கலாம். இரண்டில் ஒன்றுதான். ஏப்ரல் 15க்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் கொட்டகையை அவர்களே வந்து இடிப்பார்கள், அறை மனுவும் தள்ளுபடி. உள்ளதும் போச்சு நொள்ளைக்கண்ணா என்று நிற்க வேண்டியதுதான்.

உங்கள் மகன், "கொட்டகைதானே, இடிச்சிடுவோம். உனக்கு எங்கயாவது ஒரு கடை வாடகைக்குப் பாத்துடலாம்" என்கிறார். அவருக்கு அது கொட்டகை. எனக்கு அப்படியில்லை. அந்தத் தகடுகளை ஏணி போட்டு ஏறி அடித்தது நான். மின் இணைப்பு இழுத்தது நான். ஊரில் யாருக்கு மோட்டார் எரிந்தாலும் பின்வாசலைத் தேடி வருகிறார்கள் என்றால், அது அந்த இடம் எனக்குக் கொடுத்த பெயர். இடிக்கச் சொன்னால் இடிக்கிறேன், உங்களை நடுத்தெருவில் விட முடியாதல்லவா? ஆனால் சிரித்துக்கொண்டு இடிப்பேன் என்று எதிர்பார்க்காதீர்கள்.

நீங்கள் போன் செய்தது எனக்குத் தெரியும். மேசையில் அடித்துக்கொண்டே இருந்தது, நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். எதுவானாலும் எழுத்தில் என்று சொன்னது நீங்கள்தானே, எழுதட்டுமே என்று வீம்பு. எடுத்திருந்தால் ஒரு மணி நேரத்தில் தகடுகளை இறக்கியிருப்பேன். அதை நினைத்தால் என்னையே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது. உங்களையும்தான்.

இப்போதாவது அந்த நாலாவது குறையைச் சொல்லுங்கள். இவ்வளவு பட்டபிறகு கேட்க எனக்கு உரிமை இருக்கிறது.

உங்கள் மருமகள்


ஏப்ரல் 3

மருமகளுக்கு,

இந்தக் கடிதத்தில் பார்வை, எண் எதுவும் இல்லை.

சொல்கிறேன். அந்த அறைக்கு மதில் ஓரச் சந்துப் பக்கம் ஒரு கதவு இருக்கிறது. வீட்டுப் பக்கம் கதவு இல்லை. உள்ளேயே சமையல் மேடை, உள்ளேயே குளியலறை. நான் உன் வீட்டுக்குள் வர வேண்டுமென்றால் சந்து வழியாகத் தெருவுக்கு வந்து, வாசல் மணியை அடித்து, நீ திறக்கும்வரை நிற்க வேண்டும். ஒரு வாரம் நான் வெளியே தலை காட்டாவிட்டாலும் உங்களுக்குத் தெரியாது. வாடகைக்கு வருகிறவர்களுக்குத்தான் அப்படிக் கட்டுவார்கள். அப்படிப்பட்ட வரைபடங்களை நான் எத்தனையோ பார்த்திருக்கிறேன். அதனால் என் மகன் அனுப்பியதைப் பிரித்த உடனே எனக்குப் புரிந்துவிட்டது. அன்றைக்கு நான் சாப்பிடவில்லை. அழுதேன்.

அதை எப்படி ஆட்சேபணையில் எழுதுவது? 'என் மருமகள் எனக்கு வீட்டுப் பக்கம் கதவு வைக்கவில்லை' என்றா? ஆகவே ஒரு சாண் இடைவெளியைப் பிடித்துக்கொண்டேன். வரைபடத்தைத் திருத்தும்போது நீயாகவே கதவையும் வைத்துவிட மாட்டாயா என்று ஒரு நப்பாசை. சுவரை நகர்த்தினாய், சன்னலை நகர்த்தினாய், கதவு உனக்குத் தோன்றவில்லை. உன் மேல் எனக்கு அவ்வளவு கோபம்.

அந்தக் கோபத்தில் உன் கொட்டகையில் கொண்டுபோய் ஆளை விட்டுவிட்டேன். உன் பிழைப்பில் மண்ணள்ளிப் போட வேண்டும் என்று ஒருநாளும் நினைக்கவில்லை. போன தடவை வந்திருந்தபோது, உன்னைச் சாப்பிடக் கூப்பிடக் கொட்டகை வாசலுக்கு வந்தேன். நீ குனிந்து கம்பியைச் சுற்றிக்கொண்டிருந்தாய், உதடு மட்டும் எண்ணிக்கொண்டிருந்தது. கூப்பிட்டால் கணக்குத் தப்பிவிடும் என்று நின்றேன். நீ நிமிரவே இல்லை. நான் பேசாமல் திரும்பி வந்துவிட்டேன். வேலையில் நானும் அப்படித்தான் இருந்தேன். கொட்டகையை இடிக்காதே. அறை மனுவைத் திரும்பப் பெற்றுவிடு.

இங்கே நேற்று முன்தினம் மூன்றாவது மாடிக் கூரையிலிருந்து காரை பெயர்ந்து படிக்கட்டில் விழுந்தது. அதற்குக் கொஞ்சம் முன்னால்தான் நான் அந்தப் படியில் ஏறி வந்தேன். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. மே கடைசி வரை பொறுக்க முடியாது, ஏப்ரல் 25க்குள் எல்லோரும் போய்விட வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். பாதிப் பேர் போயாயிற்று. இரவில் கட்டடம் முனகுவது காதில் விழுகிறது.

முதியோர் இல்லம் ஒன்றில் இடம் சொல்லி வைத்திருக்கிறேன். போய்ப் பார்த்தேன். சன்னல்கள் விதிப்படி இருக்கின்றன.

உன் மாமியார்


ஏப்ரல் 9

அத்தைக்கு,

உங்கள் கடிதத்தைக் கொட்டகையில் உட்கார்ந்து படித்தேன். படிக்கட்டில் காரை விழுந்ததை இரண்டு வரியில் எழுதி, 'எனக்கு ஒன்றும் ஆகவில்லை' என்று முடித்திருக்கிறீர்கள். உங்களுக்கு ஏதாவது ஆகியிருந்தால்?

கதவு விஷயத்தில் பொய் சொல்லப்போவதில்லை. வேண்டாம் என்று சொன்னது நான்தான். பிளான் போட்டவர், "இங்க ஒரு கதவு வெச்சா அவங்க வந்து போக வசதியா இருக்குமே" என்று பென்சிலால் குறித்தார். "வேண்டாம் சார், அவங்களுக்குத் தனியா இருந்துதான் பழக்கம்" என்றேன். உங்கள் வசதிக்காகச் சொல்கிற மாதிரிதான் சொன்னேன். எனக்காகத்தான் சொன்னேன்.

எனக்கு உங்களிடம் பயம், அத்தை. கல்யாணமான புதிதில் நாம் ஒன்றாக இருந்த அந்த எட்டு மாதத்தில் நீங்கள் என்னை ஒரு வார்த்தை திட்டியதில்லை. திட்டியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன், தீர்ந்திருக்கும். நீங்கள் பார்ப்பீர்கள், அவ்வளவுதான். நான் பாத்திரம் அடுக்கியதைப் பார்ப்பீர்கள், துணி காயப் போட்டதைப் பார்ப்பீர்கள், ஒன்றும் சொல்லாமல் போய்விடுவீர்கள். ஒருநாள் பட்டறையிலிருந்து வார்னிஷ் நாற்றத்தோடு வீட்டுக்கு வந்தேன். நீங்கள் எழுந்து ஒவ்வொரு சன்னலாகத் திறந்தீர்கள். எல்லாச் சன்னலையும். அன்றைக்குக் குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதேன். அதற்குப் பிறகுதான் எனக்கென்று ஒரு கொட்டகை வேண்டும் என்று பிடிவாதமாக நின்றேன்.

இவ்வளவையும் மனதில் வைத்துக்கொண்டு உங்களுக்கு அறை கட்டக் கிளம்பினால் அதில் கதவு எங்கிருந்து வரும்?

இன்று காலை நகரமைப்பு அலுவலகத்துக்குப் போனேன். மனு என் பெயரில்தானே இருக்கிறது. அறை மனுவைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன். கொட்டகையை வரன்முறைப்படுத்தச் சொல்லி எழுதிக் கொடுத்துவிட்டேன். எழுத்தர், "அப்போ உங்க மாமியார்?" என்று கேட்டார். "அதுக்கு உங்க அனுமதி வேண்டாம் சார்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

சமையலறைக்கு அடுத்தாற்போல் ஓர் அறை இருக்கிறது, உங்களுக்கே தெரியும். செம்புக் கம்பிச் சுருள், பழைய ஸ்டார்ட்டர், பேரிங்குப் பெட்டி என்று கழுத்துவரை அடைத்து வைத்திருக்கிறேன். அவ்வளவையும் கொட்டகைக்குக் கொண்டுபோனால் நல்ல அறை. கிழக்கு வெளிச்சம் வரும், குளியலறை பக்கத்திலேயே. இது ஏன் முதலிலேயே தோன்றவில்லை? எனக்குத் தெரியும் ஏனென்று. நீங்களும் நானும் ஒரே வீட்டுக்குள் சரிப்படாது என்று நீங்கள், நான், உங்கள் மகன், மூன்று பேருமே முடிவு கட்டியிருந்தோம். நம் வீட்டில் எல்லோருக்கும் ஒரே கருத்து இருந்தது அந்த ஒன்றில்தான்.

சரிப்படும் என்று இப்போதும் நான் சத்தியம் செய்யவில்லை. சண்டை வரும். ஆனால் ஒன்று, எதையாவது பார்த்தால் வாயைத் திறந்து சொல்லிவிட வேண்டும். பார்த்துவிட்டுப் போகக் கூடாது. நானும் தண்ணீரைத் திறந்துவிட்டு அழ மாட்டேன், உங்கள் முகத்துக்கு நேரே கத்துவேன். சம்மதம் என்றால் முதியோர் இல்லத்துக்கு வரவில்லை என்று சொல்லிவிடுங்கள்.

உங்கள் மருமகள்


ஏப்ரல் 14

மருமகளுக்கு,

சன்னல் விஷயத்துக்கு முதலில் பதில் சொல்கிறேன். எந்த அறைக்குள் போனாலும் முதலில் சன்னல் திறக்கிறதா என்று பார்ப்பது என் தொழில். அடைத்த வீட்டில் வார்னிஷ் ஆவி தலைவலி கொண்டுவரும், அதனால் திறந்தேன். இது பாதி உண்மை. அந்த நாற்றம் எனக்குப் பிடிக்கவில்லை என்பது மீதிப் பாதி. நீ அழுதது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் கதவைத் தட்டியிருப்பேனா என்று கேட்டால், அதுவும் தெரியவில்லை. நான் தட்டிப் பழகியவள் இல்லை.

நீ பயந்தாய் என்கிறாய். எனக்கும் பயம்தான். வேலையிலிருந்து ஓய்வு பெற்றபிறகு என் பேச்சைக் கேட்க ஆள் இல்லை. உன் வீட்டில் ஒரு மூலையில் உட்கார்ந்து, யாருக்கும் தேவையில்லாத குறைகளைக் கண்டுபிடித்துக்கொண்டிருக்கும் கிழவியாகிவிடுவேனோ என்று பயம். அதற்கு இந்த இல்லமே தேவலை என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன். அங்கே எல்லோரும் கிழவிகள்.

எதைப் பார்த்தாலும் சொல்லிவிட வேண்டும் என்ற உன் நிபந்தனைக்குச் சம்மதம். கேட்டதற்காகப் பிறகு வருத்தப்படாதே.

ஆனால் எனக்கு ஒன்று தெரிந்தாக வேண்டும். இது உன் யோசனையா, என் மகனின் யோசனையா? அவன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வீட்டில் வளைய வந்திருப்பான். அது தாங்காமல் நீ இதை எழுதியிருப்பாய். அப்படி இருந்தால் அதில் தப்பு எதுவும் இல்லை, ஆனால் நான் வரமாட்டேன். அவன் கேட்டு நீ சரி என்றால், ஒருநாள் நீ அவனைப் பார்த்து "உங்க அம்மாவுக்காகத்தானே" என்பாய். அதை நான் சுவருக்கு இந்தப் பக்கம் இருந்து கேட்பேன். அதைத் தாங்குகிற வயதெல்லாம் எனக்குத் தாண்டிவிட்டது.

இந்த மாடியில் நான் ஒருத்திதான் மிச்சம். தண்ணீரை நிறுத்திவிட்டார்கள். கீழே குழாயில் பிடித்து வாளியைத் தூக்கிக்கொண்டு அந்தப் படியில்தான் ஏறுகிறேன். பெட்டிகளைக் கட்டி வைத்துவிட்டேன். எந்த முகவரி எழுதி ஒட்டுவது என்றுதான் தெரியவில்லை. 20ஆம் தேதி இல்லத்துக்குப் பதில் சொல்ல வேண்டும்.

மழுப்பாமல் எழுது. யாருடைய யோசனை?

உன் மாமியார்


ஏப்ரல் 18

அத்தைக்கு,

தபாலை நம்பி இன்னொரு தடவை ஏமாற நான் தயாராக இல்லை. பக்கத்து வீட்டுக்காரரின் வண்டியைக் கேட்டு வாங்கி, இந்தக் கடிதத்தையும் என்னோடு எடுத்துக்கொண்டு கிளம்புகிறேன். எழுத்தில் கேட்டீர்கள், அதனால் எழுத்திலேயே கையில் தருகிறேன். நீங்கள் படித்து முடிக்கும்வரை வாசலில் நிற்பேன். பிறகு பெட்டிகளை நான் இறக்குகிறேன். நீங்கள் அந்தப் படியில் வாளியோ பெட்டியோ எதையும் தூக்கக் கூடாது.

யோசனை என்னுடையது. உங்கள் மகனுக்கு இன்னும் சொல்லவே இல்லை.

உங்கள் மருமகள்